இந்த மாதம் மூடியவை

ஒண்ணாம் தேதி காலையில் அந்தப் பத்திரிகை வந்துவிடும். விலை கிடையாது. முடிவெட்டும் கடை, பல் மருத்துவரின் வரவேற்பறை, பெட்ரோல் பங்க், அடுக்குமாடிகளின் லிஃப்ட் வாசல், சாப்பாட்டுக் கடைகளின் கல்லா ஓரம் என்று நகரம் முழுக்க நானூறு இடங்களில் அதற்கென்று கம்பித் தாங்கி நிற்கிறது. போகிறவர் வருகிறவர் ஆளுக்கொன்று உருவிக்கொள்ளலாம். புதிதாய்த் திறந்த காப்பிக் கடை எது, எந்த ஓட்டலில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்கவில்லை, வீட்டுக்கு எந்த நிறத் திரைச்சீலை இப்போது எடுப்பு, எல்லாம் பளபளப்பான தாளில் வண்ண வண்ணமாய் இருக்கும். படிக்கிறவர்கள் படிப்பார்கள். மற்றவர்கள் ஆடுகிற மேசைக் காலுக்கு அண்டக் கொடுப்பார்கள், மழை வந்தால் தலைக்குப் பிடிப்பார்கள், அலமாரித் தட்டில் விரிப்பார்கள். காசு கொடுக்காமல் வந்த தாளுக்கு இதற்கு மேல் மரியாதை எதிர்பார்ப்பது பேராசை.

ஆனால் கடைசி எட்டுப் பக்கங்களை மட்டும் பதமாகக் கிழித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைக்கிற வீடுகள் ஏராளம். அந்தப் பக்கங்களில் படம் கிடையாது, அலங்காரம் கிடையாது. பொடி எழுத்தில் தெருவாரியாக முந்நூற்று நாற்பது சாப்பாட்டுக் கடைகள். பெயர், முகவரி, போன் நம்பர், திறக்கும் நேரம், மூடும் நேரம், வார விடுமுறை, எத்தனை நாற்காலி. அவ்வளவுதான். பத்தொன்பது வருடங்களாக இந்த எட்டுப் பக்கங்களையும் தயாரித்து வருவது ஒரே ஒரு பெண். அலுவலகத்தில் அவளை எட்டுப்பக்க அக்கா என்பார்கள். நாமும் அக்கா என்றே வைத்துக்கொள்வோம்.

அக்காவுக்கு ஐம்பத்து மூன்று வயது. தாள் கட்டுகள் அடுக்கிய அறைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு போன், ஒரு நீளமான நோட்டு, முதுகுக்கு ஒரு தலையணை. ஒவ்வொரு மாதமும் பதினெட்டாம் தேதி காலையில் போனை எடுத்தால் இருபதாம் தேதி சாயங்காலம் வரை கீழே வைக்க மாட்டாள். முந்நூற்று நாற்பது கடைக்கும் அவளே பேசுவாள். போன மாதம் கேட்டதுதானே என்று ஒரு கடையைக்கூடத் தாண்டிப் போனதில்லை. "பத்திரிகையிலேர்ந்து பேசறேன். கடை இருக்கா? நேரம் மாறியிருக்கா? லீவு நாள் அதேதானா?" என்று ஆரம்பித்து ஐந்து கேள்வி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்வது என்பார்களே, அக்கா அதைக் காதில் விட்டுக்கொண்டு செய்தாள்.

அந்தக் காது இருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்லி மாளாது. போனில் பேசுகிறவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதையும் அது கேட்டுக்கொண்டிருக்கும். தட்டுச் சத்தம் குறைந்திருக்கிறது, அடுப்படியில் போன மாதம் இருந்த சிரிப்பு இந்த மாதம் இல்லை, புகையை வெளியே தள்ளும் விசிறி முனகுகிறது. கேட்டுவிட்டு நோட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போடுவாள். வட்டம் விழுந்த கடை நாலைந்து மாதத்தில் கதவைச் சாத்திவிடும். ஆசிரியர் ஆரம்பத்தில் இதைத் தற்செயல் என்று சிரித்தார். பிறகு ஒருநாள் அவரே மெதுவாக வந்து, "அக்கா, நானும் என் தம்பியும் சேர்ந்து ஒரு பேக்கரி வாங்கலாம்னு இருக்கோம். அதுக்கு வட்டம் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். போட்டிருந்தாள். பேக்கரி ஆசை அத்தோடு போயிற்று.

இத்தனைக்கும் அந்த முந்நூற்று நாற்பது கடைகளில் ஒன்றில்கூட அக்கா கை நனைத்ததில்லை. வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவருவாள். ஒரு கடையில் சாப்பிட்டுவிட்டால் மனசு அந்தக் கடைப் பக்கம் சாய்ந்துவிடும் என்பது அவள் கட்சி. லிஃப்ட் பழுது பார்க்கிற அவள் கணவருக்கு இது தீராத கேலி. "ஊருக்கெல்லாம் எங்க சாப்பிடலாம்னு சொல்றா. எனக்கு மட்டும் இருபத்தெட்டு வருஷமா ஒரே கடைதான்" என்பார். அக்கா தட்டில் இன்னொரு கரண்டி போட்டு அவர் வாயை அடைப்பாள்.

எட்டாவது பக்கத்தின் அடியில் கறுப்புக் கட்டம் கட்டிய ஒரு பெட்டி உண்டு. தலைப்பு, 'இந்த மாதம் மூடியவை'. கதவைச் சாத்திய கடைகளின் பெயர்களை அக்கா கொடுப்பாள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஆசிரியர் தன் கைவண்ணத்தில் இரண்டு வரி எழுதிச் சேர்ப்பார். கடை நடக்கும்போது எட்டிப் பார்க்காதவர்கள்கூட அந்தப் பெட்டியைப் படித்து உச்சுக்கொட்டுவார்கள். அக்காவுக்கு மட்டும் அந்தப் பெட்டி என்றாலே பயம். அதற்காகத் தனக்குத்தானே ஒரு சட்டம் வைத்திருந்தாள். மூன்று நாள், மூன்று வெவ்வேறு நேரம், மூன்று தடவையும் அந்தப் பக்கத்திலிருந்து ஆள் பேசாவிட்டால்தான் பெட்டியில் போடலாம். பத்தொன்பது வருடத்தில் அந்தச் சட்டம் ஒரு தடவைகூட அவள் காலை வாரியதில்லை.

ஒரு மாதம், பத்திரிகை வந்து நாலாவது நாள். பதினோரு மணி இருக்கும். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் கழுத்தைச் சுற்றித் துண்டு மாதிரி ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அக்காவின் மேசை முன்னால் வந்து நின்றார். கையில் அந்த மாதப் பத்திரிகை, எட்டாவது பக்கம் வெளியே தெரிய மடித்தது. கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட ஒரு குட்டி நோட்டும் பேனாவும்.

"யாருங்க? உக்காருங்க" என்றாள் அக்கா.

அவர் உட்காரவில்லை. கறுப்புக் கட்டத்தில் முதல் பெயரை விரலால் தொட்டார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டார். நோட்டைப் பிரித்து நிதானமாக எழுதி அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"எழுத்து ரொம்ப நல்லா இருக்கு. படிச்சப்போ எனக்கே அழுகை வந்தது. ஆனா நான் கடையை மூடல."

கட்டத்தில் ஆசிரியர் எழுதியிருந்தது இது: 'பதினோரு ஆண்டுகள் ஆறு மேசைகளில் ஆவி பறந்தது. இனி அந்தத் தெருமுனைக்குக் குளிர்காலம்தான்.'

அக்கா கட்டத்தை மறுபடி படித்தாள். தெருமுனை சூப் கடை. மற்றவர்கள் எல்லாம் "ஹலோ" என்று எடுப்பார்கள், இவர் மட்டும் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, "இருக்கோம்க்கா, இருக்கோம்!" என்று கரகரத்த குரலில் போடுவார். முந்நூற்று நாற்பதில் அவளுக்குப் பிடித்த குரல் அது. அந்தக் குரல் எங்கே?

சூப்புக்காரர் கழுத்துத் துணியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டிவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். தொண்டையில் ஆபரேஷன், மூன்று வாரம் ஆஸ்பத்திரி, குரல் இனி வராது என்று எழுதினார். கடையைத் திறந்து மூன்று வாரம் ஆகிறது என்றும் எழுதினார்.

"நான் கூப்பிட்டேனே" என்றாள் அக்கா. சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. "மூணு நாளும் கூப்பிட்டேன். மூணு நாளும் யாரும் பேசல."

அவர் தலையை ஆட்டினார். ஆமாம், கூப்பிட்டீர்கள். பேனாவைத் திருப்பிப் பிடித்து மேசை விளிம்பில் தட்டினார். டக், டக், டக்.

அக்கா நோட்டைத் திறந்து பார்க்கவே வேண்டாம், மனப்பாடமாகத் தெரியும். ஆனாலும் திறந்தாள். பதினெட்டாம் தேதி, பத்தொன்பது, இருபது. மூன்று தேதிக்கும் எதிரே அவள் கையெழுத்தில் இருந்தது. 'எடுத்தார்கள். குரல் இல்லை. லைனில் கொட்டுச் சத்தம்.' புகை விசிறி முனகுவது கேட்ட காது அது. ஒரு மனிதர் ரிசீவரை எடுத்து, கரண்டிக் காம்பால் அதில் தட்டித் தட்டி, இருக்கிறேன் இருக்கிறேன் என்று சொன்னதை லைன் கோளாறு என்று எழுதிவைத்திருந்தது. குரல் இல்லை என்றால் ஆள் இல்லை, பத்தொன்பது வருடத்தில் அவள் கற்றுக்கொண்ட வித்தை அவ்வளவுதான். அவளுக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

பயத்துக்குக் காரணம் உண்டு. ஒருமுறை ஒரு கடையின் மூடும் நேரத்தை ஒன்பதரை என்பதற்குப் பதிலாகப் பத்தரை என்று அவள் தவறாகப் போட்டுவிட்டாள். இரண்டே வாரத்தில் நகரத்தில் இருக்கிற அத்தனை செல்போன் வரைபடத்திலும், சாப்பாட்டு வழிகாட்டியிலும் அந்தக் கடை பத்தரைக்கு மூடியது. எல்லோரும் அவள் பக்கத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. மேசைக் காலுக்கு அண்டக் கொடுக்கிற தாளுக்கு இவ்வளவு பலமா என்று மலைத்துப்போனாள். இப்போது சூப்புக்காரர் தன் செல்போனை எடுத்துக் காட்டினார். அவர் கடைக்கு மேலே சிவப்பு எழுத்தில், நிரந்தரமாக மூடப்பட்டது.

அவர் இன்னும் எழுதினார். ஆஸ்பத்திரியில் இருந்தபோது பழைய வாடிக்கைக்காரர்கள் வேறு கடை பார்த்துப் போய்விட்டார்கள். திரும்ப வருவார்கள் என்று ஈ ஓட்டிக்கொண்டு காத்திருந்தார். பெட்டியில் பெயர் வந்ததும் வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு பேரும் நின்றுபோனார்கள். கடை இருக்கிற கட்டடத்தின் சொந்தக்காரரும் பத்திரிகை படிக்கிறவர். வாடகை ஒப்பந்தம் பத்தாம் தேதியோடு முடிகிறது. 'வாடகைக்கு' என்று பலகை மாட்டிவிட்டுப் போய்விட்டார். கெஞ்சிக் கேட்டதில் ஒரே ஒரு வார்த்தை கொடுத்திருக்கிறார்: பத்தாம் தேதி மதியம் மூன்றரைக்கு வந்து பார்ப்பேன், கடை ஓடினால் மறுபடி எழுதித் தருகிறேன், இல்லாவிட்டால் சாவியைக் கொடு.

"மூணரைக்கா?" என்றாள் அக்கா. அவளுக்குத் தெரியாத நேரமா? மதியச் சாப்பாடு முடிந்து சாயங்காலம் தொடங்காத வேளை. கொடிகட்டிப் பறக்கிற கடையில்கூட மூன்றரை மணிக்குக் காற்றுதான் உட்கார்ந்திருக்கும்.

சூப்புக்காரர் தோளைக் குலுக்கினார். கட்டடக்காரர் மதியம் தூங்கி எழுந்து வருகிற நேரம் அதுதான் என்று எழுதினார்.

ஆசிரியர் நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கைவைத்துக்கொண்டார். அடுத்த இதழில் கால் பக்கம் வருத்தம் தெரிவிப்போம், உருக்கமாக எழுதுகிறேன் என்றார்.

"உருக்கமா எழுதினது போதும் சார்" என்றாள் அக்கா. அவள் ஆசிரியரிடம் அப்படிப் பேசியதே இல்லை. "அடுத்த இதழ் வர்றப்ப அங்க கடை இருக்காது."

இதழ்களை வண்டியில் கொண்டுபோய்ப் போடுகிறவரைக் கூப்பிட்டுக் கேட்டாள். தாங்கிகளில் இருப்பதை எல்லாம் திரும்ப எடுத்துவிட முடியாதா? அவர் அவளைப் பாவமாகப் பார்த்தார். "பன்னெண்டாயிரம் காப்பிம்மா. காசு குடுத்து வாங்கறவங்கன்னா விலாசமாவது இருக்கும். இதை யார் எடுத்தாங்க, எங்க கொண்டுபோனாங்கன்னு யாருக்குத் தெரியும்? சும்மா குடுத்ததைத் திருப்பிக் கேக்க முடியாதும்மா."

அன்று சாயங்காலம் அக்கா சமைக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். கணவர் வந்து விளக்கைப் போட்டுவிட்டு என்ன என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னாள். தட்டியதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள்.

அவர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். பிறகு, "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க முதல்ல கத்துவாங்க" என்றார். "அப்புறம் தொண்டை போயிடும். அதுக்கப்புறம் தட்டுவாங்க. எனக்கும் முதல் வருஷம் புரியல. ஏதோ கம்பி அடிக்குதுன்னு நெனச்சு ஒருத்தரை ஒரு மணி நேரம் உள்ளேயே விட்டிருக்கேன்."

"எங்கிட்ட சொன்னதே இல்லையே?"

"பெருமையா சொல்லிக்கிற விஷயமா அது?" அவர் செருப்பை ஓரமாக விட்டார். "ஆனா ஒண்ணு. மாட்டினவரை வெளிய எடுக்கறது ஒத்தை ஆளால ஆகாது. மேல ஒருத்தர், கீழ ஒருத்தர், மெயின் சுவிட்ச் பக்கத்துல ஒருத்தர் நிக்கணும். நான் எப்பவும் சத்தம் போட்டு ஆள் கூப்பிட்டுடுவேன். உனக்குத்தான் ஊர்பூரா போன் நம்பர் இருக்கே."

மறுநாள் காலை எட்டு மணிக்கு அக்கா போனை எடுத்தாள். பதினெட்டாம் தேதி இல்லை, ஐந்தாம் தேதி. முதல் கடைக்காரர் பதறிப்போனார். "என்னக்கா, இன்னிக்கு என்ன? நாங்க மூடலியே!"

"மூடல, தெரியும். நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றாள்.

அந்த வாக்கியத்தை அவள் முந்நூற்று முப்பத்தொன்பது தடவை சொன்னாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது, இருந்தும் சொன்னாள். பத்தாம் தேதி கட்டடக்காரர் வந்து பார்க்கப்போவதையும் சொல்லிவிட்டு, உங்கள் கல்லா ஓரத் தாங்கியில் இருக்கிற காப்பிகளில் எட்டாவது பக்கத்தைத் திறந்து, கறுப்புக் கட்டத்தில் முதல் பெயரைப் பேனாவால் அடித்து, 'கடை இருக்கிறது' என்று எழுதிவிடுங்கள் என்று கேட்டாள். போன் குரலைத் தவிர அவள் முகத்தைப் பார்த்தறியாதவர்கள், அதிலும் எல்லோரும் ஒருவருக்கொருவர் போட்டி. இவர்கள் எதற்காகச் செய்ய வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒரு பெரிய ஓட்டலின் மேலாளர், எழுத்து மூலமாக விண்ணப்பம் அனுப்புங்கள், பரிசீலிக்கிறோம் என்றார். ஒரு பீட்சா கடையில் சிரித்தார்கள். சூப் கடைக்கு நேர் எதிரே இருக்கிற நூடுல்ஸ் கடைக்காரர்தான் மனசில் இருந்ததை அப்படியே கொட்டினார்.

"உண்மையைச் சொல்லட்டுமாக்கா? அவர் பேரை அந்தப் பெட்டியில பாத்து நாலு நாளா நான் சந்தோஷமா இருந்தேன்."

தொண்டையில் ஆபரேஷன், குரல் இனி வராது என்று அக்கா சொன்னாள். அந்தப் பக்கம் வாணலி சீறுவது கேட்டது. அவர் குரலைத் தாழ்த்தி, "தொண்டையா? எனக்குத் தெரியாதே. எதிர்லதான் இருக்கேன், எனக்கே தெரியாதே" என்றார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, "டேய், யாராவது ஒரு பேனா எடுங்கடா!" என்று கத்தினார்.

இன்னொன்றும் நடந்தது. பல பேர், பேனா விஷயத்தைக் கேட்டு உம் கொட்டிவிட்டு, "அந்தக் கட்டடக்காரர் எத்தனை மணிக்கு வர்றார்னு சொன்னீங்க?" என்று கேட்டார்கள். மூன்றரைக்கு என்று அக்கா சொன்னதும், "ஓ, மூணரைக்கா, சரிக்கா" என்று பட்டென்று வைத்துவிட்டார்கள். அதற்கு மேல் பிடி கொடுக்கவில்லை. மூன்றரைக்கு என்ன செய்ய முடியும் என்று கைவிட்டுவிட்டார்கள் போல என்று அக்கா நினைத்துக்கொண்டாள். இரண்டு நாள் பேசி முடித்தபோது அவளுக்கும் தொண்டை கட்டியிருந்தது.

பத்தாம் தேதி அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். மூன்று மணிக்குத் தெருமுனையில் இறங்கினாள். பதினோரு வருடமாக மாதா மாதம் அச்சடித்த முகவரியை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தாள். பச்சை அடித்த கதவு, அதன் நிலையில் தொங்கும் 'வாடகைக்கு' பலகை, உள்ளே ஆறு மேசை, இருபத்து நாலு நாற்காலி. எண்ணிப் பார்த்தாள், சரியாக இருந்தது. ஒருவர்கூட இல்லை. பாத்திரம் கழுவுகிற அம்மாள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். சூப்புக்காரர் இடுப்பளவு உயரத்துக்கு இருந்த பெரிய குண்டானைக் கிளறிக்கொண்டிருந்தார். யார் வருவார்கள் என்று அவ்வளவு சூப் வைத்திருக்கிறார் என்று அக்கா நினைத்தாள். அவர் அவளைப் பார்த்துத் தலையசைத்து, ஒரு கிண்ணத்தில் ஊற்றி மூலை மேசையில் கொண்டுவந்து வைத்தார். அவள் அதைத் தொடவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று பத்துக்குக் கதவு திறந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் வந்தாள். கையில் வெங்காயம் நறுக்கிய வாசனை. அவளுக்குப் பின்னால் அதே மாதிரிக் கோட்டில் இரண்டு பேர். மாவு படிந்த முன்துணியை அவிழ்க்காமலே ஒருவர். கறுப்புச் சட்டையும் பூ வேலை செய்த டையுமாக நாலு பரிமாறுகிறவர்கள். முட்டைக்கோசு மாதிரி உயர்ந்த தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எழுத்து மூலமாக விண்ணப்பம் கேட்ட அந்தப் பெரிய ஓட்டலின் தலைமைச் சமையல்காரர். மூன்றே கால் ஆவதற்குள் இருபத்து நாலு நாற்காலியும் போய்விட்டது.

நகரத்தில் சமைக்கிறவர்களுக்கும் பரிமாறுகிறவர்களுக்கும் ஒரு நாளில் ஓய்வு என்று இருப்பது அந்த நேரம் ஒன்றுதான். மதிய அடுப்பை அணைத்துவிட்டு சாயங்கால அடுப்பைப் பற்ற வைப்பதற்கு நடுவில் ஒன்றரை மணி நேரம். ஊரெல்லாம் சாப்பிடுகிறபோது அவர்கள் சமைக்கிறார்கள். அவர்கள் சாப்பிட உட்காரும்போது ஊரில் எந்தக் கடையிலும் அடுப்பு எரிவதில்லை. பின்கதவுப் படியில் உட்கார்ந்து மிச்சத்தைத் தின்பார்கள். மூன்றரை என்றதும் ஏன் அத்தனை பேர் பட்டென்று வைத்தார்கள் என்று அக்காவுக்கு இப்போது புரிந்தது. ஒருத்தர் முகமும் அவளுக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் பேசப் பேச ஒவ்வொரு குரலும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. மூக்கால் பேசுகிறது ஆற்றங்கரை ரொட்டிக் கடை. வார்த்தைக்கு வார்த்தை "அதாவது" போடுகிறது ஸ்டேஷன் ரோடு காப்பிக் கடை. இருமலோடு சிரிக்கிறது பன்னிரண்டாம் நம்பர் கட்டட மாடி உணவகம். பத்தொன்பது வருடமாகத் தன் காதுக்குள் ஒவ்வொருவராகத் தனித்தனியே இருந்தவர்கள் எல்லோரும் கையும் காலும் வியர்வையுமாக ஒரே அறையில் இருந்தார்கள். எட்டுப் பக்கமும் எழுந்து வந்துவிட்டதே என்று நினைத்தாள்.

அப்போது எதிர்க்கடை நூடுல்ஸ்காரர் தலைக்கு மேல் நாலு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். அவர் கடை ஆட்கள் பின்னால் இன்னும் எட்டு நாற்காலி கொண்டுவந்தார்கள். வழி இல்லாமல் திண்டாடியபோது அக்கா எழுந்து, "இப்படி மூலையில போடுங்க, இடம் இருக்கு" என்றாள்.

கரண்டிகள் நின்றன. நாற்பது முகங்கள் மூலையைத் திரும்பிப் பார்த்தன.

"அக்காவா?" என்றது ஆற்றங்கரை ரொட்டிக் கடை.

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

"நான் உங்களை ஒல்லியா, உயரமா நெனச்சிருந்தேன்" என்றார் மாடி உணவகக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

கட்டடக்காரர் மூன்றரைக்குச் சரியாக வந்தார். தூங்கி எழுந்த முகம். கதவைத் திறந்தவர் உள்ளே கால் வைக்க இடம் இல்லாமல் வாசலிலேயே நின்றார். மூக்கின் மேல் விரல் வைக்காத குறை. சுதாரித்துக்கொண்டு, குண்டானுக்குப் பின்னால் நின்ற சூப்புக்காரரைப் பார்த்து உரக்கக் கேட்டார்.

"என்னய்யா இது? தினமும் இப்படித்தானா? கடை ஓடுதா, சொல்லு."

சூப்புக்காரரின் ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் நிரம்பிய இரண்டு கிண்ணங்கள். நோட்டைத் தொட முடியாது. அவர் உதடு மட்டும் அசைந்தது. அவருக்காகப் பேச அக்கா எழுந்தாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் அறை முழுக்க ஒரே குரலாக எழுந்தது.

"இருக்கோம்!"

இந்தக் கடையின் குரல் அதுதான் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அக்கா போன் செய்து "கடை இருக்கா?" என்று கேட்டால் நகரத்தில் அத்தனை கடைகளும் சொல்லும் பதில் அது. கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. கட்டடக்காரர் ஒரு எட்டு பின்னால் போனார்.

"இன்னிக்கு வந்திருக்கீங்க. நாளைக்கு?" என்றார். அவரும் லேசில் விடுகிற ஆள் இல்லை.

"நாளைக்கும் எங்களுக்கு மூணரைக்குத்தான் சார் பசிக்கும்" என்றார் பெரிய ஓட்டல் சமையல்காரர். "இந்த ஊர்ல அந்த நேரத்துக்கு அடுப்பு எரியற கடை இது ஒண்ணுதான்னு எங்களுக்கு இத்தனை நாளா தெரியல. தெரிஞ்சிருந்தா இவரைச் சும்மா விட்டிருப்போமா?" அவர் தன் காலிக் கிண்ணத்தை நீட்டி இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். நூடுல்ஸ்காரர் ஒரு முக்காலியைத் துடைத்துக் கட்டடக்காரரின் முன்னால் போட்டார். "உக்காருங்க சார். உங்களுக்கு முன்னால ஆறு பேர் இருக்காங்க."

ஆறு பேருக்குப் பிறகு கட்டடக்காரருக்கும் ஒரு கிண்ணம் வந்தது. குடித்தார். அடியில் இருந்ததையும் கரண்டியால் வழித்துக் குடித்தார். எழுந்து வெளியே போய், கதவு நிலையில் தொங்கிய பலகையைக் கொக்கியிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

நாலரைக்கு எல்லோரும் அவரவர் அடுப்புக்குப் போய்விட்டார்கள். குண்டான் காலி. அக்காவின் கிண்ணம் மட்டும் ஆறிப்போய் அப்படியே இருந்தது. அதை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். மனசு சாய்ந்தால் சாயட்டும் என்று விட்டுவிட்டாள். சூப்புக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார். நோட்டில் எழுதி, அவள் பக்கம் தள்ளினார்.

"பதினெட்டாம் தேதி எத்தனை மணிக்குக் கூப்பிடுவீங்க? அடுப்பை விட்டுட்டு போன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

அவள் தப்புக்கு அவர் மனசில் ஒரு சொட்டுக் கோபம்கூட இல்லை. இன்னும் தன்னால்தான் ஏதோ குறை என்பது போல எழுதியிருந்தார். அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். நகரத்துக்கே பழக்கமான அந்தக் குரல் இப்போது வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டாள். அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி, அவர் எழுத்துக்குக் கீழே எழுதினாள்.

"கூப்பிட மாட்டேன். நேர்ல வரேன்."